சேப்பிக்குக் கண் தெரியாது

சேப்பிக்குக் கண் தெரியவில்லை என்பதை அகாத்தா ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோப்பையில் காப்பி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். முடிவுக்கு வருவதில் அவள் என்றுமே தாமதித்தவள் அல்ல. வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தபால் நிலையத்தின் சன்னலுக்குப் பின்னால் கழித்தவள். கடிதத்தைக் கையில் வாங்கும்போதே அது எந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறது, எழுதியவருக்கு அன்பா ஆத்திரமா என்று சொல்லிவிடுவாள். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. கடிதங்கள் நின்றுவிட்டன, முடிவுகள் நிற்கவில்லை.

"டேய் மைன்ராட், இங்க வா. இந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரியல."

மைன்ராட் அவளுடைய தம்பி. ஏரிக்கரையில் இருந்த அந்த ஊர்க் கோயிலில் மணியடிப்பதும், மெழுகுவர்த்தி ஏற்றுவதும், பாதிரியாரின் அங்கிகளுக்கு இஸ்திரி போடுவதும் அவன் வேலை. அக்காள் தம்பி இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை என்பாள் அகாத்தா. அக்காளிடம் போய்க் கேட்கத் தைரியம் இருக்கவில்லை என்பான் மைன்ராட், அவள் இல்லாத இடத்தில்.

"எந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டபடி வந்தான்.

"சேப்பிக்கு. வேற யாருக்கு?"

வரவேற்பறையில், கணப்படுப்பை ஒட்டி மரப்பலகையால் அடைத்த இடத்தில் இரண்டு கினிப்பன்றிகள் இருந்தன. கிழவி ரோஸ்லி வெண்ணெய் நிறத்தில், நெற்றியிலிருந்து மூக்குவரை வழியும் நீண்ட முடியோடு இருப்பாள். அந்த முடியை அகாத்தா ஞாயிறு தவறாமல் வாரி, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிடுவாள். மற்றவன் சேப்பி. பழுப்பு உடம்பு, மூக்கின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. நடந்தால் கிர்ர் கிர்ர் என்று ஒரு சத்தம், தின்றால் ரம்பம் அறுப்பதுபோல இன்னொரு சத்தம்.

சேப்பி அந்த வீட்டுக்குச் சொந்தமானவன் அல்ல, இரவல். அந்த நாட்டில் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பது சட்டப்படி குற்றம். கூட்டமாக வாழப் பிறந்த உயிரை ஒற்றையாக அடைத்துவைப்பது கொடுமை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். "நமக்கும் அப்படி ஒரு சட்டம் போட்டிருக்கலாம்" என்று மைன்ராட் ஒரு தடவை சொல்லிவிட்டு, அக்காளின் பார்வையைக் கண்டதும் மெழுகுவர்த்தி வாங்கக் கிளம்பிப் போய்விட்டான். வசந்தத்தில் ரோஸ்லியின் கூடப்பிறந்தவள் பாபெலி வயதாகி, தீனியை விட்டுச் செத்தபோது, அகாத்தா ஒரு நாள் அழுதாள், மறுநாளே சட்டத்துக்குப் பயந்தாள். எங்கெல்பெர்க் என்ற மலையூருக்குப் போகும் வழியில் ஹெட்விக் ஓடர்மாட் என்றொருத்தி, துணையிழந்த கினிப்பன்றிகளுக்குத் துணை இரவல் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, சேப்பியைக் கொண்டுவந்தாள். ரோஸ்லி உள்ளவரை அவன் இருக்கலாம், அதன்பின் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வம்சம் பெருகிவிடுமோ என்ற பயமும் இல்லை. ஹெட்விக் வீட்டு ஆண்கள் எல்லாருமே டாக்டரின் கத்தியால் துறவறம் வாங்கியவர்கள்.

"இங்க பாரு" என்றாள் அகாத்தா. சூப்புக்குப் பார்ஸ்லி நறுக்கிக்கொண்டிருந்த கையை மேலங்கியில் துடைத்துவிட்டு, சேப்பியின் மூக்குக்கு நேரே விசிறினாள். சேப்பி உலர்ந்த புல்லை மென்றுகொண்டே இருந்தான். மீசைகூட அசையவில்லை. "பாத்தியா? இப்ப இவளப் பாரு." அதே கையை ரோஸ்லியின் முகத்துக்கு நேரே விசிறினாள். ரோஸ்லி உடனே தலையைத் தூக்கி, மூக்கு துடிக்க, கையை நோக்கி வந்தாள்.

"அவன் எப்பவுமே அப்படித்தானேக்கா. நான் பெரிய மணிய அடிச்சாக்கூட திரும்ப மாட்டான்."

"அப்ப காதும் போச்சுங்கறியா?"

"இல்லக்கா. பயம் இல்லாதவன்னு சொல்றேன்."

"பயம் இல்லாத கினிப்பன்றிய ஆண்டவர் படைக்கல. கண்ண உத்துப் பாரு. பால் மாதிரி வடியுதா? ரோஸ்லிய விட்டு ஒரு அடி நகர்றானா? அவளையே ஒட்டி ஒட்டி நடக்கறான். ஏன்? வழி தெரியல. இரவல் கொடுத்தவ கண்ணு தெரியாதவனக் கொடுத்திருக்கா, பாவம், அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

"கால்நடை டாக்டர் ரெக்லிகிட்ட ஒரு தரம் காட்டிடலாமே."

"கண்ணு தெரியலங்கறது எனக்கே தெரியுது. அதச் சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு?"

அதுவரை அகாத்தாவுக்குச் சேப்பியை அவ்வளவாகப் பிடிக்காது. இரவல் வந்தவன் வீட்டுக்காரன்போல நடந்துகொள்கிறான் என்பது அவள் குறை. ஆனால் அவனுக்குக் கண் இல்லை என்று முடிவானதும் அவள் மனம் தலைகீழாக மாறிவிட்டது. அகாத்தாவின் இரக்கமும் அவளுடைய முடிவுகளைப் போலத்தான், வந்தால் முழுசாக வரும்.

கூட்டுறவுக் கடையில் சும்மா கிடைக்கும் பத்திரிகையில், கண் தெரியாத பிராணிகளைப் பற்றி எப்போதோ படித்தது நினைவிருந்தது. அன்று முதல் அந்த வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. கிண்ணம், புல்கூடை, தண்ணீர், மரக்குடில் எதையும் இருந்த இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது. ஏறி இறங்கும் சரிவுப் பலகை வேண்டாம், எல்லாம் தரையோடு இருக்கட்டும். தொடுவதற்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும். "சேப்பி, கை வருது" என்று சொல்லிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். புல் வைத்தாலும் அதே வார்த்தை, குடிலைத் தூக்கினாலும் அதே வார்த்தை. மைன்ராட் ஒரு நாள் பழக்கத்தில், கோயிலில் பாதிரியாரின் காலரைச் சரிசெய்யப் போகும்போது "கை வருது" என்று சொல்லி, அவரைத் திடுக்கிட வைத்துவிட்டான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தியாகம் சனிக்கிழமை வாளி. சனிக்கிழமையென்றால் அகாத்தா அந்த அடைப்பை அடியோடு கலைப்பாள். துணிகளைக் கொதிக்கும் நீரில் போடுவாள், பலகைகளை வினிகரால் தேய்ப்பாள். வீட்டுத் தரையில் சாமிக்குப் படைக்கலாம் என்று ஊரே சொல்லும், அவள் கினிப்பன்றியின் தரையிலும் படைக்கலாம். ஆனால் கண் தெரியாத பிராணிக்கு வாசனைதான் வழி, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழுவினால் வழியையே கழுவியதாகிவிடும் என்று அந்தப் பத்திரிகையில் இருந்தது. அகாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு வாளியைப் படிக்குக் கீழே வைத்தாள். தவக்காலத்தில் அவள் சாக்லேட்டை விடுவாள், அது அவளுக்குப் பெரிய காரியமில்லை. இது தவம்.

மைன்ராடும் தன் பங்குக்குச் செய்தான். கண்களுக்குக் காவலான புனித ஒத்திலியாவின் சிற்றாலயத்துக்குப் போய், ஒரு மருந்துப் புட்டியில் தீர்த்தம் கொண்டுவந்து, தினமும் காலையில் பஞ்சால் சேப்பியின் கண்ணைத் துடைத்தான். சேப்பி அதையும் சகித்துக்கொண்டான். துடைத்த மாத்திரத்தில் மறுபடி பால் வடியும், அதை முன்னங்காலால் எடுத்து முகமெல்லாம் பூசிக்கொள்வான். "தீர்த்தத்த வீணாக்காம பூசிக்கறான் பாரு. பக்தி இருக்கு" என்றான் மைன்ராட்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த உபசாரமெல்லாம் தொடங்கியபின் செழித்தது சேப்பி அல்ல, ரோஸ்லி. மூலையிலேயே கிடந்தவள் அடைப்பெங்கும் உலாவினாள். கை வருகிறது என்றால் தானே வந்து முகத்தை ஏந்தினாள். முன்பு தொட்டால் துள்ளி விழுவாள், இப்போது அதுவும் இல்லை.

"கூட இருக்கறவனுக்குக் கண்ணு இல்ல, நாமதான் பாத்துக்கணும்னு அவளுக்குப் பொறுப்பு வந்திருச்சு" என்றாள் அகாத்தா. "பொறுப்பு வந்தா கிழவியும் குமரிதான்."

இலையுதிர்காலத்தில் ஹெட்விக் ஓடர்மாட் தொலைபேசியில் கூப்பிட்டாள். "என்ன அகாத்தா, பையன் எப்படி இருக்கான்?"

"கண்ணு தெரியல ஹெட்விக். ஆனா நீ கவலப்படாத, நாங்க நல்லாப் பாத்துக்கறோம்."

ஹெட்விக் சொன்னாள்: "நான் துணைக்குன்னு கொடுத்தேன் அகாத்தா. துணைக்கே ஒரு துணை வேணும்னா எப்படி? உன் ரோஸ்லிக்கு வயசாச்சு. அவன் பாரத்தையும் அவ தலையில வைக்கறதா? நான் நாளைக்கு ஐன்சீடெல்னுக்கு யாத்திரை கிளம்பறேன். வெள்ளிக்கிழம எங்க வீட்டுக்காரர அனுப்பறேன். சேப்பியக் கொடுத்துடு. ஹன்னிபால்னு ஒருத்தன், நல்ல திடமான ஆளு, அவன வெச்சுக்க."

அகாத்தாவுக்கு அவனைக் கொடுக்க மனமில்லை. ஆனால் இரவல் கொடுத்தவள் கேட்டால் திருப்பித் தருவதுதான் நியாயம். தவிர, ரோஸ்லிக்கு நல்லது என்றும் ஹெட்விக் சொல்கிறாளே.

வெள்ளிக்கிழமை ரெமிகி ஓடர்மாட் சாணி மணக்கும் வண்டியில் வந்து இறங்கினார். மாடுகளோடு வாழ்ந்தவர், மாட்டைவிடச் சிறிய பிராணிகள் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கூடைக்குள் குனிந்து சேப்பியைப் பார்த்து, "ஆமா, பாத்தாலே தெரியுது பாவம்" என்றார். மைன்ராட் கூடைக்குள் ஒரு சீமைக் காட்டுமுள்ளங்கி இலையை நுழைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். வண்டி போகும்போது இலை அறுபடும் ரம்பச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஹன்னிபால் அழகன்தான். பளபளவென்று கருப்பு, ஆயரைப் போன்ற தோரணை. வந்தவன் ஒரு மூலையில் உட்கார்ந்தான், உட்கார்ந்தபடியே இருந்தான். நடந்தால் சத்தம் இல்லை. தின்றாலும் சத்தம் இல்லை. "இவன்தான் நல்ல வீட்டுல வளர்ந்த புள்ள" என்றாள் அகாத்தா, கொஞ்சம் சத்தமாகவே, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் இப்போது கண் தெரியாதவர் யாரும் இல்லை. அகாத்தா படிக்குக் கீழிருந்து வாளியை எடுத்தாள். இத்தனை மாத ஏக்கத்தையும் சேர்த்துத் தேய்த்தாள். வெயில் படட்டும் என்று அடைப்பைச் சன்னல் பக்கம் திருப்பினாள், குடிலை இடம் மாற்றினாள், கிண்ணத்தை நடுவில் வைத்தாள். வீடு முழுக்க வினிகர் மணத்தது. மனத்துக்கு ஏதோ நிம்மதி.

ரோஸ்லியை உள்ளே விட்டாள். ரோஸ்லி இரண்டடி நடந்து கிண்ணத்தில் முட்டினாள். விலகிப் பலகையில் முட்டினாள். திரும்பி ஹன்னிபாலின் மேலேயே போய் இடித்தாள், அவன் பல்லைக் கடகடத்தான். ரோஸ்லி உறைந்து நின்றாள். பிறகு பலகையைத் தடவிக்கொண்டே போய் ஒரு மூலையில் சுருண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"சேப்பிய நினைச்சு ஏங்கறா" என்றான் மைன்ராட்.

"புது ஆள் பழகணும்ல. நாளைக்குச் சரியாயிடும்."

நாளைக்குச் சரியாகவில்லை. புல் வைத்தது வைத்தபடி இருந்தது. அகாத்தா முன்னெச்சரிக்கை இல்லாமல் கையை நீட்டித் தொட்டதும், ரோஸ்லி வீறிட்டுத் துள்ளி, குடிலில் முகத்தை மோதிக்கொண்டாள். அன்றைய பூசையில் அகாத்தா எழுந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தும், உட்கார வேண்டிய இடத்தில் எழுந்தும், பின்வரிசையை எல்லாம் குழப்பினாள். கினிப்பன்றியின் வயிறு ஒரு நாள் முழுதும் காலியாக இருக்கக் கூடாது, இருந்தால் அதன்பின் தின்னவே தின்னாது, போய்விடும். இது அவளுக்குத் தெரியும், பாபெலி அப்படித்தான் போனாள்.

பூசை முடிந்து வெளியே வந்த டாக்டர் ரெக்லியை, மைன்ராட் கோயில் வாசலிலேயே மடக்கினான். நல்லவேளை, அந்த இளம் பெண் கோபிக்கவில்லை. ஞாயிறு உடையோடே தன் மருத்துவ அறையைத் திறந்து, ரோஸ்லியை மேசைமேல் வைத்தாள்.

"இந்த முடிய யாரு இவ்வளவு அழகா வாரி விட்டது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் அகாத்தா. அந்த நிலையிலும் சிறு பெருமை எட்டிப்பார்த்தது.

டாக்டர் ஒரு விரலால் அந்த முடியை ஒதுக்கினாள். கீழே இரண்டு கண்களும், பனிபிடித்த சன்னல் கண்ணாடி மாதிரி இருந்தன.

"இவளுக்குக் கண்ணு தெரியாம எத்தன நாளாச்சு?"

"யாருக்கு?"

"இவளுக்குத்தான்."

"இவளுக்கு நல்லாத் தெரியும் டாக்டர். தெரியாதவன் சேப்பி. அவனத் திருப்பி அனுப்பிட்டோம்."

டாக்டர் மைன்ராடைப் பார்த்தாள். மைன்ராட் கூரையைப் பார்த்தான். டாக்டர் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து ரோஸ்லியின் முகத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் விழவிட்டாள். ரோஸ்லிக்கு அது விழுந்ததே தெரியவில்லை. சிறு விளக்கை அடித்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே.

"ஆனா நான் கையக் காட்டினா நேரா வந்தாளே!"

"அப்ப கையில ஏதாவது வாசனை இருந்துதா?"

அகாத்தா யோசித்தாள். அவள் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் தட்டிக்குப் பின்னால் பேசும் குரலில் சொன்னாள்: "பார்ஸ்லி."

"அவன் கண்ணுல பால் வடியுமே டாக்டரம்மா" என்று மைன்ராட் அக்காளுக்கு முட்டுக்கொடுக்கப் பார்த்தான்.

"அது அவங்க சோப்பு. அத எடுத்துத்தான் மூஞ்சி கழுவிக்குவாங்க. எல்லா கினிப்பன்றிக்கும் வரும்."

"நான் தினமும் தீர்த்தம் போட்டுத் தொடச்சேனே."

"குளிச்சிட்டிருக்கறவனக் குளிப்பாட்டியிருக்கீங்க. தப்பில்ல." டாக்டர் ரோஸ்லியின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்த சேப்பி சத்தக்காரனா?"

"சத்தமா? நடந்தா கிர்ர், தின்னா ரம்பம். வாயே ஓயாது."

"அதான் இவளுக்குக் கண்ணு. அவன் ஒட்டி நடக்கல, இவதான் அவன ஒட்டி நடந்திருக்கா. மெதுவாப் போன பார்வை, யாருக்கும் தெரியாமப் போச்சு. வழக்கமா எப்பத் தெரியும்னா, இருந்த சாமான இடம் மாத்தும்போதுதான். முட்டிக்கும்."

அகாத்தா வாளியை நினைத்தாள். வினிகரை நினைத்தாள். உட்கார ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, டாக்டரின் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தப் பய இத்தன நாளா இவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கான்" என்றான் மைன்ராட், கண் கலங்க.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது ஐயா. அவன் பாட்டுக்குத் தின்னப் போறான், சத்தம் போடறான். இவ கேட்டுட்டுப் பின்னால போறா. அவ்வளவுதான்."

டாக்டர் கரைத்த புல்மாவைச் சின்னக் குழாயால் ரோஸ்லியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினாள். "இது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள இவளாத் தின்ன ஆரம்பிக்கணும். அவனக் கொண்டு வந்துடுங்க" என்றாள்.

ஹெட்விக்கின் தொலைபேசியை ரெமிகி எடுத்தார். "அவ ஐன்சீடெல்னுல இருக்கா. போன அடுப்பு மேலயே வெச்சிட்டுப் போயிட்டா. நாளைக்குத்தான் வருவா."

"சேப்பி எங்க இருக்கான்?"

"கொட்டகையில விட்டுட்டேன்."

"எந்த அடைப்புல?"

"பெரிய அடைப்புல. பழுப்பா நெறைய இருக்கே, அதுங்களோட."

அடுத்த மஞ்சள் தபால் பேருந்தில் நால்வரும் ஏறினார்கள், அதாவது அகாத்தா, அவள் மடியில் கூடையோடு ரோஸ்லி, மைன்ராடின் மடியில் அட்டைப்பெட்டியில் ஹன்னிபால். திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்பதால் அவனும் வந்தான், எதிலும் பட்டுக்கொள்ளாமல் வந்தான். மலை வளைவுகளில் பேருந்து தன் மூன்று சுர ஊதலை ஊதும்போதெல்லாம், கூடைக்குள் ரோஸ்லி நடுங்குவது அகாத்தாவின் முழங்காலுக்குத் தெரிந்தது.

"நான் எத்தன தப்பு முகவரிக் கடுதாசியத் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றாள் சன்னலைப் பார்த்தபடி. "தலைக்கனம் பிடிச்சவ, ஒண்ணக்கூட உள்ள பிரிச்சுப் பாக்கல. இவ முடிய ஒரு தரம் ஒதுக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அக்கா, தப்பா எழுதினாலும் கடுதாசி சேர வேண்டிய இடத்துக்குத்தானே போச்சு" என்றான் மைன்ராட். "அவனுக்காகச் சாமான அசைக்காம வெச்ச. குரல் கொடுத்துத் தொட்ட. வாளியத் தூக்கி ஓரமா வெச்ச. எல்லாம் இவளுக்குத்தான் கெடச்சுது."

அகாத்தா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் எப்போது இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டான் என்று வியந்தாள். ஆனாலும் "மூக்கத் தொடச்சுக்க, வடியுது" என்றுதான் சொன்னாள்.

ஓடர்மாட் வீட்டுக் கொட்டகையில், மைன்ராட் கொண்டுவந்திருந்த தீனிப் பை சரசரத்ததுதான் தாமதம், அடைப்பு முழுவதும் ஒரே விசில். தின்ன ஏதோ வருகிறது என்று எல்லாம் சேர்ந்து கூவின. "சேப்பி!" என்று மைன்ராட் கத்தினான். எல்லாச் சேப்பிகளும் பதில் சொன்னார்கள். பழுப்பில் பெரியதும் சிறியதும், மூக்கில் வெள்ளைக் கோடு போட்டவையே ஏராளமாக இருந்தன, எல்லாம் பங்காளிகளாக இருக்கும்.

ரெமிகி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "என் மாடுங்கள கண்ணக் கட்டிவிட்டாலும் பேர் சொல்லுவேன். இதுங்க எனக்கு ஒரே பழுப்பு. ஏதாவது ஒண்ண எடுத்துட்டுப் போங்களேன். யாரு கேக்கப் போறா?"

"இவ கேப்பா" என்றாள் அகாத்தா, கூடையைக் காட்டி.

அவள் சற்று நேரம் அந்தப் பழுப்புக் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மாட்டுத் தொட்டியடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். எந்த வாசனையும் இல்லாத கையோடு வந்து, அடைப்பின் பலகை மேல் குனிந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை செய்தது மாதிரியே விசிறினாள்.

கூட்டம் சிதறியது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வைக்கோலுக்குள்ளும் குடில்களுக்குள்ளும் பாய்ந்து மறைந்தன. அடைப்பின் நடுவில் ஒருவன் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பீட்ரூட் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தான். அகாத்தா கையை அவன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் இன்னொரு முறை விசிறினாள். மீசைகூட அசையவில்லை.

"பயம் இல்லாதவன்னு சொன்னேன்ல" என்றான் மைன்ராட் மெதுவாக.

"சொன்ன" என்றாள் அகாத்தா. அவள் வாயிலிருந்து அப்படி ஓர் ஒப்புதல் வருவது அபூர்வம்.

ரோஸ்லியைத் தூக்கி அவனருகே விட்டாள். ரோஸ்லி வயிறு தரையில் படக் குறுகி நின்றாள். புது வைக்கோல், புது மணம், சுற்றிலும் மறைவிலிருந்து யார் யாரோ பார்க்கிறார்கள். சேப்பிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பீட்ரூட் முடிந்ததும் அடுத்ததைத் தேடிக் கிர்ர் கிர்ர் என்று நடந்தான்.

ரோஸ்லியின் காது அசைந்தது. தலை நிமிர்ந்தது. ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், மூக்கு அவன் பக்கவாட்டில் பட்டதும் அப்படியே ஒட்டிக்கொண்டாள். அவன் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு போனான், அவளும் சுற்றிக்கொண்டு போனாள். ஒன்றிலும் முட்டவில்லை. அவன் ஒரு நீளப் புல்லை இழுத்து ஒரு முனையை அறுக்க ஆரம்பித்தான். ரோஸ்லி மோந்து பார்த்து, மறு முனையைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

மைன்ராட் கோயிலில் எடுப்பதுபோலத் தொப்பியைக் கையில் எடுத்தான். அகாத்தா முகத்தைத் துடைத்தாள். "வைக்கோல் தூசி" என்றாள். தனக்கே தெரியாமல் நல்லது செய்யும் உயிர்களையும் ஆண்டவர் ஒரு காரணத்தோடுதான் சத்தக்காரர்களாகப் படைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் மைன்ராட் மறுபடி அழுவான்.

மறுநாள் யாத்திரையிலிருந்து திரும்பிய ஹெட்விக் கூப்பிட்டாள். "அப்ப அவன் கண்ணு நல்லா இருக்கா?"

"கண்ணு நல்லா இருக்கு. வாய் அதவிட நல்லா இருக்கு. அவன நான் திருப்பித் தர்றதா இல்ல, ரோஸ்லி இருக்கற வரைக்கும்."

"நான் கேட்டேனா? நீதானே கண்ணு தெரியலன்ன."

அடைப்பு பழையபடி கணப்படுப்பின் பக்கம் திரும்பியது. கிண்ணமும் குடிலும் பழைய இடத்துக்குப் போயின. சனிக்கிழமை வந்தபோது அகாத்தா வாளியோடு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு இந்தப் பாதியை இந்த வாரம், அந்தப் பாதியை அடுத்த வாரம் என்று, வெறும் வெந்நீரால் துடைத்தாள். துடைக்காத பாதியைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரோஸ்லியின் முடியை இப்போது நடுவில் ஒதுக்கிச் சிறு நாடாவால் கட்டியிருந்தாள். தெரியாத கண்களானாலும் திறந்தே இருக்கட்டும் என்று. பேரையும் சரிசெய்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தபால் நிலையத்தில் இருந்தவளால் தவறான பேரைச் சகிக்க முடியாது.

"ரோஸ்லி, கை வருது" என்றாள் தெளிவாக.

கையை வைத்ததும் ரோஸ்லி துள்ளி விழுந்து, சேப்பியின் பின்னால் போய் ஒளிந்தாள்.

"ரோஸ்லி, பயப்படாத, கை வருது."

ரோஸ்லி இன்னும் ஒடுங்கினாள். கதவருகே நின்ற மைன்ராட் சேப்பியின் பக்கம் கண்ணைக் காட்டினான். இத்தனை மாதமும் அந்தக் கிழவி கேட்டுப் பழகி, நம்பி, முகத்தை ஏந்தியது வேறொரு அழைப்புக்கு. அகாத்தா தம்பியை ஒரு முறை முறைத்தாள். பிறகு அடைப்பின் பலகை மேல் குனிந்து, பெருமூச்சு விட்டு, கிழவியை நோக்கிச் சொன்னாள்:

"சேப்பி, கை வருது."

சேப்பி மென்றுகொண்டே இருந்தான். ரோஸ்லி வெளியே வந்து, முகத்தைத் தூக்கி, கைக்காகக் காத்திருந்தாள்.